வானலை ஒழுக்கம்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

இங்கிதம் என்பது அறத்தின் ஒரு கூறா, அன்றி அறத்துக்குப் புறம்பான வெறும் பழக்கமா என்னும் வினா ஒழுக்கவியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். பொய்யாமை, கள்ளாமை என்பனவற்றை அறமென எவரும் ஏற்பர். ஆனால் ஒருவர் பேசும்போது குறுக்கிடாமை, தம் முறை வரும்வரை காத்திருத்தல், அளவறிந்து பேசுதல் என்பனவற்றை நாம் பெரும்பாலும் நற்பழக்கம் என்ற அளவிலேயே மதிக்கின்றோம். அவற்றை மீறுபவனைப் பண்பறியாதவன் என்கின்றோமேயன்றி அறம் பிழைத்தவன் என்று கூறுவதில்லை. இப்பாகுபாடு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, நம்மிற் பலர் அதிகம் எண்ணிப்பாராத ஒரு துறை துணைபுரியும் எனக் கருதுகின்றேன். அமெச்சூர் வானொலி என்பதே அத்துறை.

வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவது கேட்பது மட்டுமே. எங்கோ ஒரு நிலையம் பேசுகின்றது, நாம் கேட்கின்றோம். அமெச்சூர் வானொலியாளரோ கேட்பதுடன் பேசவும் செய்பவர். வருவாய் கருதாது, தொழில்நுட்ப ஆர்வத்தினாலும் நட்பு நாட்டத்தினாலும் உந்தப்பட்டு, பரீட்சையில் தேறி, அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உலகெங்குமுள்ள தம்போன்றோருடன் நேரடியாகத் தொடர்புகொள்பவர் அவர். 'ஹாம்' என்ற பெயராலும் இவர்களை அழைப்பர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. இலங்கையர் குறிகள் பெரும்பாலும் 4 எஸ் 7 எனத் தொடங்குவன.

இவர்கள் நடமாடும் வெளி விசித்திரமானது. அங்கே வேலியில்லை, வாயிற்கதவில்லை, எதிரிலிருப்பவரின் முகம் தெரிவதில்லை. எந்த எல்லைக்குள் அமெச்சூர்கள் பேசலாம் என்பதைச் சர்வதேச உடன்பாடுகளும் அந்தந்த நாட்டு அரசுகளும் வரையறுத்துள்ளன. ஆயினும் அவ்வெல்லைக்குள் இந்தக் கணத்தில், இந்த மீடிறனில், இன்னார் பேசலாமென்று எவரும் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. இடமோ மிகக் குறுகியது. நெடுந்தூரத் தொடர்புக்குப் பெரிதும் விரும்பப்படும் 20 மீற்றர் அலைவரிசை 14.000 மெகாஹேட்ஸ் முதல் 14.350 வரையுள்ள 350 கிலோஹேட்ஸ் மட்டுமே. ஒரு குரலுக்கு ஏறக்குறைய 3 கிலோஹேட்ஸ் வேண்டும். முழுவதையும் குரலுக்கே கொடுத்தாலும் நூற்றுச் சொச்ச உரையாடல்களுக்கு மேல் அங்கே இடமில்லை. அதனைப் பல இலட்சம் பேர் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது.

பொதுவுடைமையான மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவரின் தன்னலத்தாலும் பாழாகிவிடும் என்று 1968 இல் கறெற் ஹார்டின் வாதித்தார். மக்கள் தாமே விதிகளை வகுத்துப் பொதுவளங்களைப் பல தலைமுறைகளுக்குக் காத்துள்ளனர் என்பதை எலினோர் ஒஸ்ற்றொம் 1990 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. வானலை எவ்வழிச் செல்லும் என்பது அதிற் புழங்குவோரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது.

வானலையில் ஒழுக்கம் ஏன் பொருட்படுத்தப்படவேண்டும் என்பதற்கு வரலாறு தரும் முதற் சான்று அமெச்சூர்களுடையதன்று. தொழில்முறை இயக்குநர் இருவருடையது. 1912 ஏப்பிரல் 14 ஆம் நாள் இரவு பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்ட கலிபோர்ணியன் கப்பலின் இயக்குநர், அதுபற்றி அறிவிப்பதற்கு ரைற்றானிக் கப்பலை அழைத்தார். ரைற்றானிக்கின் இயக்குநரோ அப்போது கேப் றேஸ் கரைநிலையத்துடன் பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார். அண்மையிலிருந்து வந்த பலத்த சைகை அவர் காதை அடைத்தது. தம் வேலையைக் குழப்பவேண்டாமெனக் கடிந்து அவரை நிறுத்திவிட்டார். கலிபோர்ணியனின் இயக்குநர் பின்னர் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இரவு 11.40 அளவில் ரைற்றானிக் பனிமலையில் மோதியது. 1,500 பேரளவில் மாண்ட அவ்விபத்தின் அபயக்குரல் அருகில் நின்ற கலிபோர்ணியனுக்குக் கேட்கவில்லை. அவ்வுரையாடல் வேறுவிதமாக அமைந்திருப்பின் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று துணிந்து கூறுதல் இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. அழைத்தவர், அலை வெறுமையாக உள்ளதா எனக் கேளாது புகுந்தார்; மறுத்தவர், வந்த செய்தி யாதெனக் கேளாது கடிந்தார். இருவரும் தீயவரல்லர். இருவரிடத்தும் குறைந்தது கேட்டல் ஒன்றே.

அவ்விபத்தையொட்டி அமெச்சூர்கள் மீதும் பழி விழுந்தது. அவர்களுடைய ஒழுங்கற்ற அலைபரப்புகள் மீட்புச் செய்திகளைக் குழப்பின என்று ஐக்கிய அமெரிக்காவிற் குற்றஞ்சாட்டப்பட்டது. அதே ஆண்டு அங்கு நிறைவேறிய வானொலிச் சட்டம் அவர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. நெடுந்தூரத் தொடர்புக்குப் பயன்படாதவை என்று அக்கால அறிஞர் கருதிய அலைகள் அவை. பயனற்றதெனத் தள்ளப்பட்ட அந்நிலத்தை அமெச்சூர்கள் பொறுமையுடன் பண்படுத்தினர். 1923 நவம்பரில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்குக் குறுக்கே சிற்றலையில் இருவழித் தொடர்பு நிகழ்ந்தது. 1924 ஒக்ரோபர் 18 இல் இலண்டனிலுள்ள மில் ஹில் பள்ளியிலிருந்து சீசில் கோய்டர் என்னும் மாணவர் நியூசீலாந்திலிருந்த பிராங் பெல் என்பாருடன் தொடர்புகொண்டார். சிற்றலையின் ஆற்றல் உலகுக்குப் புலனாயிற்று. 1927 இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச மாநாடு அமெச்சூர்களுக்கெனத் தனி அலைவரிசைகளை ஒதுக்கியது. அந்த உரிமையை நிலைநிறுத்துவதற்கு அவர்களுக்குத் தொழில்நுட்பத் திறன் மட்டும் போதியதாக இருக்கவில்லை. தம்மைத் தாமே ஆளத் தெரிந்தவர்கள் என்பதையும் அவர்கள் காட்டவேண்டியிருந்தது.

இனி, இவ்வொழுக்கத்தின் உள்ளமைப்பை நோக்குவோம். ஒரு செயலை எல்லோரும் செய்வதாயின் என்னவாகும் என எண்ணிப் பார்த்து அச்செயலின் தகுதியைத் துணியவேண்டும் என்றார் இம்மானுவேல் கான்ற். அன்றாட வாழ்வில் இது வெறுங் கற்பனையாகவே நின்றுவிடுகின்றது. ஒருவன் வரிசையைக் குலைத்து முன்னே சென்றாலும் வரிசை பெரும்பாலும் நிலைத்தே நிற்கும். ஏனையோர் அவனைப்போல் நடவாமையால் அவன் ஆதாயம் பெறுகின்றான். வானலையில் எல்லோரும் அவ்வாறு செய்யவேண்டியதில்லை. இரண்டாமவர் ஒருவர் செய்தாலே போதும். அருகருகே இரு ஊர்தியலைகள் எழுந்து அவற்றின் மீடிறன்கள் ஆயிரம் ஹேட்ஸ் வேறுபடுமாயின், கேட்பவர் காதில் ஆயிரம் ஹேட்ஸ் சீழ்க்கையொன்று ஒலிக்கும். பௌதிகவியலார் இதனை அடிப்பு என்பர். இருவரில் எவரும் எழுப்பாத அந்த மூன்றாம் ஒலி இருவர் பேச்சையும் விழுங்கிவிடுகின்றது. பிறர் பேச்சை மதியாதவன் தன் பேச்சையும் இழக்கின்றான் என்ற நீதி இங்கே இயற்கை விதியாகவே அமைந்துவிட்டது.

ஆதலின் அமெச்சூர் வானொலியின் முதல் விதி பேசும் விதியன்று, கேட்கும் விதி. பொத்தானை அழுத்துமுன் கேள்; மேலும் கேள்; பின்னரே பேசு என்று புதியவருக்குக் கற்பிப்பர். வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தை அறிவுடைமைக்கு முன்னே வைத்த முறைவைப்பு இவ்விடத்து நினைக்கத்தக்கது.

எனினும் கேட்டல் மட்டும் போதாது என்பதுதான் இவ்விதியின் நுட்பம். சிற்றலை அயன்மண்டலத்திற் பட்டுத் தெறித்து நெடுந்தொலைவில் மீண்டும் நிலத்தைத் தொடுகின்றது. நிலத்தோடு செல்லும் அலையோ சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். இடைப்பட்ட பரப்பு மௌன வலயமாகின்றது. யாழ்ப்பாணத்திலுள்ள ஒருவர் ஐரோப்பியர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருக்கக் கொழும்பிலுள்ளவருக்கு அவர் குரல் கேளாதிருக்கக்கூடும். தமக்குக் கேட்கவில்லை என்பதனால் அலை வெறுமையென்று எண்ணிக் கொழும்பிலுள்ளவர் பேசத் தொடங்கினால், ஐரோப்பாவில் இருவர் குரலும் ஒன்றன்மேலொன்று விழும். ஆகவேதான் கேட்டபின்னரும், இம்மீடிறன் பயன்பாட்டில் உள்ளதா என வினவவேண்டும் என விதித்துள்ளனர். தந்திக்குறியில் இதற்குக் கியூ.ஆர்.எல். என்னும் மூன்றெழுத்து உண்டு. வினவிச் சற்றே பொறுத்து, மறுமுறையும் வினவி, விடையில்லையெனின் மட்டுமே தொடங்கலாம்.

இச்சிறு வினாவில் ஓர் அரிய ஒழுக்க உண்மை அடங்கியுள்ளது. என் செவிக்கு எட்டாதவர் இல்லாதவராகிவிடார் என்பதே அது. சமுதாயத்திற் பெரும்பாலான அநீதிகள் கேட்டும் கேளாததுபோல் இருப்பவர்களால் மட்டும் விளைவனவல்ல. தம் செவிக்கு எட்டியதே உலகமென்று நேர்மையாகவே நம்புவோராலும் அவை விளைகின்றன. அத்தகையோருக்கு நல்லெண்ணம் இருந்தாற் போதாது. வினவும் வழக்கமும் வேண்டும்.

ஏனைய விதிகளும் இதே வேரிலிருந்து கிளைப்பனவே. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் உடனே தொடங்காது சில கணம் இடைவெளி விடவேண்டும். அவசரச் செய்தியுடன் காத்திருக்கும் மூன்றாமவர் நுழைவதற்கு அதுவே வாயில். தொடர்புக்குப் போதுமான அளவுக்கு மேல் வலுவைப் பயன்படுத்தலாகாது. எவ்வளவு குறைந்த வலு போதுமானது என்பதை, அலை பரவும் நிலையை அறிவதற்கென உலகில் நிறுவப்பட்ட, பதினெட்டு வழிகாட்டு நிலையங்களைக் கொண்ட வலையமைப்பொன்று காட்டுகின்றது. 14.100 முதலாய ஐந்து மீடிறன்களில் ஒவ்வொரு நிலையமும் பத்து விநாடி ஒலித்து அடுத்ததற்கு வழிவிடும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் 100, 10, 1, 0.1 வாற்று என வலுவைப் படிப்படியாகக் குறைத்துச் சைகை அனுப்பும். இவ்வரிசையில் இலங்கைக்கும் 4 எஸ் 7 பி என்ற குறியுடன் ஓரிடம் உண்டு. பத்து விநாடி பேசி நூற்றெழுபது விநாடி மௌனம் காக்கும் இவ்வேற்பாடு, பொதுவெளியில் தன் பங்கறிந்து பேசுதலுக்கு நல்லதோர் உருவகமுமாகும்.

இவ்விதிகளைத் தொகுத்துரைக்கும் முயற்சிகளும் பலவுண்டு. 1928 இல் போல் சீகல் என்னும் அமெரிக்கர் அமெச்சூருக்குரிய ஆறு பண்புகளை வகுத்தார். பிறர் நலம் கருதுதல் அவற்றுள் ஒன்று. குடும்பம், தொழில், கல்வி முதலிய கடமைகளுக்குக் குந்தகமின்றி வானொலியில் ஈடுபடும் சமநிலை மற்றொன்று. அண்மைக் காலத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டெவோல்டர், மார்க் டெமொலனேர் ஆகிய இருவரும் இணைந்து எழுதிய நடைமுறை நூலைச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஏற்றுப் பல மொழிகளிற் பரப்பியுள்ளது. அமெரிக்க அமெச்சூர் சங்கத்தை 1914 இல் நிறுவியவர்களுள் ஒருவரான ஹைரம் பேர்சி மக்சிம் நகைச்சுவையைக் கைக்கொண்டார். 'கிழவர்' என்ற புனைபெயரில் ஒழுங்கீனர்களை எள்ளி எழுதிய அவர், அவர்களைத் தண்டிப்பதற்கென 'வூவ் ஹொங்' என்றொரு கொடிய கருவி உண்டென்றுங் கதை கட்டினார். பார்ப்பதற்கு முறுக்கிய மரத்துண்டான அக்கருவி சங்கத் தலைமையகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டது. எவரையும் தண்டிக்க இயலாத கூட்டத்தினர் தண்டனைக் கருவியைக் கேலிப்பொருளாக்கியமை கருதத்தக்கது. அவர்களுக்குக் கிட்டிய ஒரே தண்டனை நாணம்.

இவ்விடத்திலேதான் நம் வினாவின் கடினமான பகுதி எழுகின்றது. விதியை மீறுபவனை என்ன செய்வது? அரிய தீவொன்றிலிருந்து ஒரு நிலையம் சில நாட்களுக்கு மட்டும் இயங்குகின்றதெனக் கொள்வோம். ஆயிரக்கணக்கானோர் அதனுடன் ஒருமுறையேனும் தொடர்புகொள்ள முந்துவர். நெரிசலைத் தவிர்ப்பதற்கு அந்நிலையம் ஒரு மீடிறனிற் பேசி, ஐந்து அல்லது பத்துக் கிலோஹேட்ஸ் அப்பால் செவிசாய்க்கும். குறியின் ஈற்றெழுத்துகளைச் சொல்லி அவர் மட்டும் வருக என்றால் ஏனையோர் வாய்மூடல் முறை. ஆனால் ஒருவர், அறியாமையாலோ ஆவலாலோ, நிலையம் பேசும் மீடிறனிலேயே கூவிவிடுகின்றார். அது ஒரு கணக் குழப்பமே. உடனே அவரைத் திருத்துவதற்கென்று பத்துப்பேர் அதே மீடிறனிற் பாய்ந்து 'மேலே போ, மேலே போ' என்று கத்துவர். அவர்களை அடக்க இன்னும் இருபதுபேர் எழுவர். வானலைக் காவலர் என ஏளனமாக அழைக்கப்படும் இத்திருத்தக்காரர்களே இறுதியில் அந்நிலையத்தை எவருக்கும் கேளாதபடி செய்துவிடுகின்றனர்.

இவர்கள் நியாயத்தின் பக்கம் நிற்பவர்கள் என்பதிற் சந்தேகமில்லை. ஆயினும் விதியைக் காப்பதாக எண்ணி அதே விதியை, முதல்வரினும் பன்மடங்கு மீறுகின்றனர். வெகுளி கொண்டவன் தான் நீதிமான் என்ற உணர்வினால் தன் செயலின் விளைவைக் காணாது போகின்றான். அமெச்சூர் மரபு இதற்குத் தரும் விடை கசப்பானது. குழப்புபவனுக்கு மறுமொழி கூறாதே; அவன் நாடுவது மறுமொழியையே என்பது அவ்விடை. அறியாமையாற் பிழைத்தவருக்கு ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, சுருக்கமாகவும் கனிவாகவும் வழிகாட்டலாம். அதனினும் நன்று பின்னர் தனியே எழுதித் தெரிவித்தல். அரிய நிலையத்தின் இயக்குநருக்கோ வேறொரு கடமையுண்டு. முறைகேடாகக் கூவுபவருக்கு அவர் விடையளிப்பாராயின், பொறுத்திருந்த நல்லோர் அனைவரையும் அவமதித்தவராகின்றார். அதிகாரம் உடையவர் உறுதியாக இருந்தால்தான் அதிகாரமற்றோர் பொறுமை காக்கமுடியும்.

தீமைமுன் மௌனம் காத்தல் அதற்கு உடந்தையாதல் அன்றோ எனச் சிலர் வினவலாம். வலிமையான தடை இதுவே. 1976 முதல் 1989 வரை சோவியத் ஒன்றியத்தின் இராணுவ ராடார் ஒன்று மரங்கொத்தியைப்போல் விநாடிக்குப் பத்துத் தட்டுகளாகச் சிற்றலை முழுவதையும் அலைக்கழித்தது. பொறுமையிழந்த அமெச்சூர்கள் சிலர் அதே துடிப்பைத் திருப்பியனுப்பி அதனை விரட்ட முயன்றனர். அவர்கள் சினத்தை எவர் குறைகூறுவர்? எனினும் அவர்களுடைய துடிப்பும் அயலாரின் உரையாடலைக் குலைக்கவே செய்தது. இத்தகைய ஊடுருவல்களைக் கண்காணித்து, நாள், நேரம், மீடிறன் என்பவற்றைப் பதிவுசெய்து, உரிய அரசுகள் வழியாக முறையிடும் அமைப்பொன்றை அமெச்சூர் ஒன்றியம் நடத்திவருகின்றது. வல்லரசொன்றின் முன் அது விரைந்து பயன் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் இங்கு கோரப்படும் மௌனம் கண்ணை மூடிக்கொள்வதன்று. குற்றத்தைக் காணவேண்டும், பதியவேண்டும், உரிய இடத்திற் சொல்லவேண்டும். குற்றம் நிகழும் அலையிலேயே அதனைச் செய்யலாகாது என்பதே விதி.

மற்றொரு தடையும் உண்டு. இங்கிதம் உண்மையைக் கொல்லுமாயின் அதனை அறம் என்பது எங்ஙனம்? தொடர்புகொள்ளும் இருவர் ஒருவர் சைகையின் தெளிவையும் வலிமையையும் மற்றவருக்கு இலக்கத்தில் அறிவிப்பது வழக்கம். குரலில் மிகச் சிறந்தது 59. போட்டிகளின்போது எல்லோருக்கும் 59 என்றே கொடுக்கின்றனர். கொடுத்த மறுகணம், உம் குறி விளங்கவில்லை, மீண்டும் சொல்லும் என்கின்றனர். இதனாற் கெடுவது எதுவுமில்லை என்பர். ஆனால் தம் ஏரியல் எவ்வாறு இயங்குகின்றதென அறிய விரும்பும் புதியவருக்கு அந்த இலக்கம் பயனற்றுப்போகின்றது. பிறர் நலம் கருதிப் பிறந்த வழக்கம், பிறர் நலத்தை மறந்தவுடன் வெற்றுச் சடங்காகின்றது. ஆகவே இங்கிதம் முழுவதையும் அறமெனக் கொள்ளுதல் தவறு. எதிரிலுள்ளவரைக் கருத்திற்கொண்ட இங்கிதமே அறம்.

அரசியலையும் சமயத்தையும் வானலையிற் பேசாதிருத்தல் நன்றென்னும் மரபும் இவ்வாறே சீர்தூக்கத்தக்கது. நம் நாட்டவருக்கு இது கூர்மையான வினா. பேசவேண்டியதைப் பேசாத நட்பு எத்தகைய நட்பு என்று கேட்கலாம். பிணக்குகளைத் தீர்க்கும் மன்றமாக அமெச்சூர் வானொலி ஒருபோதும் தன்னைக் கருதியதில்லை. பகை நாட்டார் இருவர் வானிலையையும் ஏரியலையும் பற்றிப் பேசிப் பிரிகையில், பிணக்கு அப்படியே இருக்கின்றது. ஆனால் மறுபுறத்தில் இருப்பவர் ஒரு மனிதர் என்ற அறிவு எஞ்சுகின்றது. ஜோர்தான் மன்னர் ஹுசைன், ஜே.வை.1 என்ற குறியுடன், தம் பெயரை மட்டும் கூறி எளியோருடனும் உரையாடியவர். அரசனுக்கும் ஆட்டிடையனுக்கும் அங்கு முறை ஒன்றே. இம்மரபு நீதிக்கு மாற்றீடாகாது. நீதி பேசுவதற்கு வேறு மன்றங்கள் வேண்டும். ஆனால் கேட்டுப் பழகாதோர் கூடும் எந்த மன்றத்திலும் நீதி பேசப்படமாட்டாது என்பதையும் மறத்தலாகாது.

விதிகள் அனைத்தும் எதற்காக என்பது 2004 டிசெம்பர் 26 இல் வெளிப்பட்டது. நெடுங்காலமாக அமெச்சூர் ஒலி எழாதிருந்த அந்தமான் தீவுகளிலிருந்து இந்திய அமெச்சூரான பாரதி பிரசாத் அம்மாதம் இயங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குறியைப் பிடிக்க உலகமே நெருக்கியடித்தது. ஆழிப்பேரலை வந்த அன்று அந்நிலையம் ஒரு கணத்திற் துயர்துடைப்பு நிலையமாக மாறியது. அங்குள்ளோரின் நலச்செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பும் பணி தொடங்கியது. இலங்கையிலும் தொலைபேசி செயலற்றுக் கிடந்த அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் அமெச்சூர்கள் சிற்றலையால் இணைத்தனர். அத்தகைய வேளையில் ஏனையோர் செய்யக்கூடிய பெரும் உதவி, வாய்மூடி அலையை விட்டுக்கொடுத்தல். பத்து விநாடி காத்திருக்கப் பழகாதவர் பத்து மணிநேரம் காத்திருப்பாரென எதிர்பார்க்க இயலுமா? அமைதிக்காலத்து இங்கிதம் ஆபத்துக்கால அறத்துக்கான பயிற்சியாகும்.

ஆகவே, நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். வேலியும் காவலும் உள்ள இடங்களில் இங்கிதம் அணிகலனாகத் தோன்றலாம். அதனைக் களைந்தாலும் வாழ்வு நடைபெறும். வேலியற்ற பொதுவெளியில் அதனைக் களைந்தால் எஞ்சுவது சீழ்க்கையொலி மட்டுமே. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கேட்கும் கடமையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தால் அவ்வுரிமை எவருக்கும் எஞ்சாது. கேட்டல், தமக்குக் கேளாதவரும் உளர் என எண்ணி வினவுதல், தம் பங்கு முடிந்ததும் வழிவிடுதல், பிழைத்தவரைத் திருத்தப் புகுந்து தாமும் பிழையாதிருத்தல் ஆகிய இந்நான்கும் வானலையில் மட்டுமன்றி, பலர் கூடி ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்ளும் எந்த நாட்டிலும் அறத்தின் பாற்பட்டனவேயாம்.